இரண்டு நிமிடம்

சனிக்கிழமைகளில் நான் ஒரு கதவு.
தண்டனைப் பெட்டியின் தாழ்ப்பாள் என் கையில்.
மற்ற நாள்களில்
இதே ஊர்த் தபால் நிலையத்தில் கவுன்ட்டர்.
பதினேழு குளிர்காலமாக
அடித்தவனை, இடறிவிட்டவனை, மட்டையை ஓங்கியவனை
உள்ளே விட்டு, நேரம் முடிந்ததும்
வெளியே விட்டிருக்கிறேன்.
எவனிடமும் ஏன் என்று கேட்டதில்லை.

அன்று வந்தவன் எதுவும் செய்திருக்கவில்லை.

மூன்றாவது பகுதி, இரண்டுக்கு இரண்டு.
கல்லியோ சமன் செய்த கையோடு
மாணவர் வரிசையிலிருந்து பறந்தது மீன்.
சுப்பீரியர் ஏரி வெள்ளைமீன்,
கல்லாய் உறைந்தது, முழங்கை நீளம்,
வயிற்றோடு டேப் போட்டு ஒட்டி
வாசல் காவலரின் தடவலுக்குத் தப்பி வந்தது.
அதைச் சுற்றியிருந்தது கல்லூரிப் பத்திரிகை.
பனியில் விழுந்து பிரிந்ததும்
கல்லியோவின் முகம் தெரிந்தது:
'தயவுசெய்து எறியாதீர்கள்' என்று
போன வாரம்தான் எழுதியிருந்தான்.
பின்னாலேயே டென்னிஸ் பந்துகள்,
பாதி தின்ற ஹாட்டாக்,
யாருடையதோ ஒரு பூட்ஸ், இடதுகால்.

முதல் கோலுக்கே எச்சரித்தாயிற்று.
ஒலிபெருக்கியில் கெஞ்சியும் ஆயிற்று.
எதிரணி கோல்கீப்பரின் அம்மா பெயரை
எங்கிருந்தோ தேடிப் பிடித்து
டோ...ரீன், டோ...ரீன் என்று
இரண்டு மணி நேரமாய் இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக்
கெஞ்சல் எங்கே கேட்கும்?

நடுவர் கையைத் தூக்கினார்.
ஆட்டத்தைத் தாமதித்த குற்றம், எங்கள் அணிக்கு.
நாலாயிரம் பேரை என் பெட்டிக்குள் அடைக்க முடியாது.
பயிற்சியாளர் ராட்கி
கையிலிருந்த பலகையை முழங்காலில் போட்டு உடைத்துவிட்டு
உடைந்த துண்டால்
ஒரு முதலாண்டுப் பையனைக் காட்டினார்.

ரீட் மாக்கி. அன்று மொத்தம்
நாலு நிமிடம் ஆடியிருப்பான்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
தின்றவர்கள் மேலே குதித்துக்கொண்டிருந்தார்கள்.
இவன் பச்சை பாட்டிலை எடுத்து
ஹெல்மெட் கம்பிகளுக்கு நடுவே பீய்ச்சிக்கொண்டான்.

"மூணாவது வரிசை," என்றான், என்னைப் பார்க்காமல்.
"சட்டையில்லாம, மாரெல்லாம் பச்சை பெயின்ட்.
என் ரூம்மேட்.
காலையில எங்க ஃபிரிட்ஜுலதான் கிடந்துச்சு மீனு.
சமைக்கப் போறான்னு நினைச்சேன்."

ஒரு நிமிடம் நாற்பத்தியொரு நொடி தாக்குப்பிடித்தார்கள்.
அப்புறம் எங்கள் வலைக்குள் ஒரு சின்னச் சத்தம்.
தாழ்ப்பாளைத் தூக்கினேன்.
அவன் வெளியே கால் வைத்ததும் ஊளை.
அவனைப் பார்த்துத்தான்.

ஆட்டம் முடிந்த சங்குக்கு அப்புறம்
எல்லாரும் உள்ளே போக, கல்லியோ மட்டும்
மாணவர் வரிசைக்கு நேரே சறுக்கிப் போனான்.
நன்றி சொல்ல வருகிறான் என்று கைதட்டினார்கள்.
கண்ணாடியில் நெற்றியை வைத்து
என்னவோ சொன்னான், நிறையச் சொன்னான்.
கண்ணாடி தடிமன்.
அவன் மூச்சு அதில் ஒரு வெள்ளை வட்டம் போட்டது.
அது மறைவதற்குள் ஒருத்தி
இந்தப் பக்கமிருந்து அதற்கு முத்தம் கொடுத்து
படம் எடுத்துக்கொண்டாள்.

ஒரு செதில் என் கையுறையில் ஒட்டி வீடு வரை வந்தது.

திங்கட்கிழமை கவுன்ட்டரில் ஒரு பையன்.
காதுக்குப் பின்னால் கழுவ மறந்த பச்சை.
பார்சல் சீட்டை நீட்டினான்.
"சனிக்கிழமை மேட்ச் பார்த்தீங்களா?
கடைசியில கோட்டை விட்டுட்டானுங்க.
எனக்குத் தூக்கமே வரலை.
ரூம்ல இருக்கிறவன்கிட்ட பேசலாம்னா
அவனும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

பார்சல் என் காலடியில்தான் இருந்தது.
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.
உள்ளே போய், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்,
சிவப்பு முள்
முழுதாய் இரண்டு சுற்று வரும்வரை.